கரைக்குக் கீழே ஒரு வீடு

"ஒருத்தி பிடிவாதத்துக்காக நாப்பது வீட்டு அடுப்பு அணையணுமா? கைநாட்டு வைட்டி."

நாட்டாமை நாறும்பூநாதன் மூணாவது தடவையாச் சொன்னார். மாரித்தாய் அவர் நீட்டின காகிதத்தத் தொடாம, ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தா.

குத்தாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல, மலையடிவாரத்துல, பென்சிலுக்குள்ள வைக்கிற கரி எடுக்குத சுரங்கம் ஒண்ணு இருந்தது. கரியக் கழுவின சேறு ஊருக்குள்ள ஓடிராம இருக்க, ரெண்டு பொத்தைக் குன்றுக்கு நடுவுல பன்னிரண்டு அடி மண்கரை போட்டிருந்தான் கம்பெனிக்காரன்.

சேறு இப்ப வாய் வரைக்கும் நிறைஞ்சிட்டு. கரையை முப்பது அடிக்கு ஏத்தணும், இல்லாட்டி சுரங்கத்த மூடிருவேன்னு கம்பெனித் துரை சொல்லிட்டான். ஆனா கரைக்குக் கீழ கால் மைலுக்குள்ள ஆள் குடியிருந்தா ஏத்தக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு.

கால் மைலுக்குள்ள இருந்தது ஒரே வீடு. மாரித்தாய் வீடு.

பஜாருக்குப் பக்கத்துல ஓட்டு வீடு, பட்டாவோட தாறோம்னு கம்பெனியில சொல்லிப் பாத்தாங்க. மாட்டேன்னுட்டா. மதினிக்கு மச்சு வீடு கேக்குதோன்னு சுரங்கக் கூலி மாடக்கண்ணு கேலி பேசினான். பேராசைக்காரின்னு ஊரும் பேசிச்சு.

அன்னைக்குத் தென்காசியில இருந்து ஓவர்சியர் வல்லிநாயகம் வந்திருந்தார். கரை உடைஞ்சா என்னென்ன போகும்னு எழுதிக் கொடுக்கணும், அதான் அவர் வேலை. சாரல்ல குடையப் பிடிச்சுக்கிட்டுக் கரையோரமா நடந்தார். அடியில ஒரு இடத்துல கறுப்பா நீர் கசிஞ்சுது. விரலால தொட்டுப் பாத்தார். விரலத் தொடச்சுக்கிட்டு ரெண்டு எட்டு பின்னால நகந்தார்.

"பாத்தியா? உன் உயிருக்காகத்தாம்ட்டி சொல்லுதேன். இது உடைஞ்சா மொதச் சாவு நீதான்" என்றார் நாட்டாமை.

"தெரியும் அண்ணாச்சி. இந்தக் கரைக்கு மண்ணு சுமந்தது என் வீட்டுக்காரரு. களிமண்ணே போடல, சுரங்கத்துக் குப்பையத்தான் உள்ள போட்டாங்கன்னு சாகுத வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார்."

"பொறவு எதுக்குட்டி இங்கன கெடக்க?"

அவ ஓவர்சியர் பக்கம் திரும்பினா.

"ஐயா, இப்ப உடைஞ்சா சேறு எங்க வரைக்கும் போவும்?"

ஓவர்சியர் கையில இருந்த ஊர்ப் படத்த உரல் மேல விரிச்சார். அவர் பென்சில், கரையில ஆரம்பிச்சு மாரித்தாய் வீட்டு மேல ஏறி, வாய்க்காலோட நின்னுச்சு.

"நான் போயி, முப்பது அடி ஆன பொறவு உடைஞ்சா?"

ஓவர்சியர் அவளையே ஒரு நிமிசம் பாத்தார். பிறகு பென்சில் வாய்க்காலத் தாண்டிச்சு. கூலிக்காரங்க குடிசைக்குள்ள போச்சு. கூட நின்ன மாடக்கண்ணு எட்டிப் பாத்தான். கோடு அவன் வீட்டு மேல விழுந்துது.

"குடிசைதானலே, ரெண்டு நாள்ல கட்டிரலாம்" என்றார் நாட்டாமை.

"உள்ள கெடக்க பிள்ளைகள எத்தன நாள்ல கட்டுவிய, அண்ணாச்சி?"

மாடக்கண்ணு அவர எதிர்த்துப் பேசினது அதுதான் மொதத் தடவை. அவர் பதில் சொல்லுததுக்குள்ள பென்சில் தெப்பக்குளத்தச் சுத்தி, மேலத் தெருவுக்குள்ள திரும்பிட்டு. ஒரு பெரிய மச்சு வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு.

"இது யாரு வீடு?" என்று கேட்டார் ஓவர்சியர்.

எல்லாரும் நாட்டாமையப் பாத்தாங்க. போன தை மாசம் அந்த வீட்டுப் பால்காய்ப்புல சாப்பிடாத ஆளு அங்க யாரும் இல்ல. நாறும்பூநாதன் தொண்டையச் செருமிக்கிட்டார்.

"அதான் ஐயா நான் போகல. நான் இங்கன இருந்தா என்னோட போயிரும்" என்றாள் மாரித்தாய்.



நாறும்பூநாதன் கைநாட்டுக் காகிதத்த நாலா மடிச்சு மடியில சொருகினார். சுரங்கம் வாரதுக்கு முன்னால ஊரு சோறு திங்கலையான்னு பொதுவா ஒரு கேள்வி கேட்டார். தனியா இருக்குத பொம்பளைய இனிமே யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஓவர்சியருக்கும் சேத்தே புத்தி சொன்னார்.

மறுநாள் விடிஞ்சதும் நாலு ஆளும் ரெண்டு வண்டி ஓலையும் மாரித்தாய் வீட்டுக்கு வந்துட்டு. எல்லாம் நாட்டாமை உபயம். அவர் மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்னு, கைய வாயில குவிச்சுச் சத்தம் போட்டார்.

"கூரைய நல்லா இறுக்கிக் கட்டுங்கலே. மாரித்தாய் இன்னும் நூறு வருசம் அங்கனயே இருக்கணும்."