டாக்டர் சொன்ன ஆறுதல்

“என் தம்பி மாதிரியே எனக்கும் பிறந்துடுமா டாக்டர்?”

செங்கமலம் கேட்டாள். அவளுக்கு இது ஐந்தாவது மாதம். மூன்று வயதாகியும் நிற்கத் தெரியாத தம்பி, ஆத்தா பொன்னுத்தாயின் இடுப்பில் இருந்தான்.

“இவனைச் சுமந்தப்போ கிரகணத்தன்னிக்கு ஆத்தா மீன் அரிஞ்சதாலதான் இப்படின்னு எங்க மாமியார் சொல்றாங்க. போன கிரகணத்துக்கு நானும் அரிஞ்சுட்டேன்.”

“அது மீனுக்குத்தான் கெட்ட காலம்” என்று லேடி டாக்டர் சிரித்தார். “பொம்பளைக்குக் கருமுட்டையெல்லாம் பிறக்கும்போதே உள்ள இருக்கு. அவளோட சேர்ந்து அதுக்கும் வயசாகுது. அதுக்குள்ள குரோமோசோம்னு இழைங்க இருக்கு. நாற்பதுக்கு மேல அது சரியாப் பிரியாம, ஒண்ணு கூடுதலாச் சேர்ந்து, குழந்தை இவனை மாதிரிப் பிறக்க வாய்ப்பு அதிகம். இவன் பிறந்தப்போ ஆத்தாவுக்கு என்ன வயசு?”

“நாப்பத்தொண்ணு.”

“உனக்கு இருபது. பயப்படாமப் போ.”

செங்கமலம் தம்பியை வாங்கி முத்தமிட்டாள். “வா ஆத்தா, மீமிசல் பஸ் வந்துடும்.”

“நீ முன்னால போ, வாரேன்.”

மகள் படியிறங்கும்வரை பொன்னுத்தாய் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் முழுகாம இருக்கேன் டாக்டரம்மா. மூணு மாசம்.”