வாளிக்குள் ஒரு விளக்கு

“நாலாவது மாடி! ஏ, நாலாவது மாடி! லைட் பந்த் கரோ!”

கீழே வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து வேல்ராஜ் லைட்டை அணைக்கச் சொல்லி இந்தியில் கத்தினார். குடியிருப்புச் சொசைட்டியின் செயலாளர். கழுத்தில் விசில் வேறு.

மணி எட்டு. செம்பூர் முழுக்கப் போர் இருட்டடிப்பு. சைரன் ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

நாலாவது மாடியில் எரிந்தது லைட் இல்லை. அகல் விளக்கு.

செல்வியைக் கிடத்தியிருந்தபோது அவள் தலை இருந்த இடத்தில், வெறுந்தரையில் எரிந்தது. பிரசவத்தில் போனவள். இன்று பத்தாம் நாள். பதினாறு முடிகிற வரை விளக்கு அணையக் கூடாது. அணைந்தால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள்.

அவள் புருஷன் ராஜபாண்டி எம்.காம். படித்தவன். அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்த வீட்டின் இன்னொரு உயிர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ஒன்றரைக் கிலோ. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

மாமியார் பேராச்சி பத்து நாளாக விளக்கின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே. எண்ணெய் ஊற்ற அவனைக்கூட விட்டதில்லை.

“சன்னலைச் சாத்துங்க மாப்ள. அந்த மனுசன் தொண்டை கிழியக் கத்துதாரு.”

சாத்தினான். செல்வியின் சேலை ஒன்றை எடுத்துக் குறுக்கே போட்டான். அப்படியும் மஞ்சளாக வெளியே கசிந்தது.

கதவு தட்டப்பட்டது. வேல்ராஜ் நாலு மாடியும் ஏறி வந்திருந்தார். செல்வியின் பாடைக்குத் தோள் கொடுத்தவர். விளக்கைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“எனக்குத் தெரியாம இல்ல தம்பி. ஒத்திகை டிரில்லுன்னுதான் சொன்னான். ஆனா நெஜமாவே குண்டு போட பிளேன் வருதுன்னு குரூப்புல போட்டுக்கிட்டே இருக்கானுவ. அவன் போட்டா மொதல்ல ட்ராம்பே அணு உலையிலதான் போடுவான். நம்ம சன்னலத் தொறந்தா உலைதான். ஊருக்கு ஓடிரலாம்னா அங்க கூடங்குளம். நமக்குன்னே ரெண்டு பக்கமும் கட்டி வச்சிருக்கான்.”

“ஏன்யா, அம்மாம் பெரிய உலை அவன் கண்ணுக்குத் தெரியாது, எம் மவ விளக்குதான் தெரியுமாக்கும்?” என்றாள் பேராச்சி.

“அக்கா, எதிர்க் கட்டடத்துல எல்லாவனும் இங்கயே பாத்துக்கிட்டு நிக்கான். அஞ்சே நிமிசம். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

படியில் இறங்கும்போது அவர் கால் தடுமாறும் சத்தம் கேட்டது.

மூன்று நாளாக டிவியில் இரண்டு நாடுகளும் தங்கள் அணுகுண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தன. ராஜபாண்டி அதை யார் வீட்டுச் சண்டையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வி போன பிறகு அவனுக்குள் எதுவும் இறங்கவில்லை.

இப்போது ஒன்று இறங்கியது.

குண்டு விழுந்தால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடுவார்கள். ஓடுகிற யாரும் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். அதைச் சுவரோடு வயரால் கட்டியிருந்தார்கள்.

சமையலறைக்குப் போய் எவர்சில்வர் வாளியை எடுத்து வந்தான். விளக்கின் மேல் கவிழ்த்தான்.

“ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வைங்க. மூச்சு முட்டிரும்,” என்றாள் பேராச்சி.

ஓரத்தில் ஒரு கரண்டியைச் செருகினான். அந்தச் சந்து வழியே வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் ஓடிச் சன்னலில் ஏறியது.

கீழே விசில். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் அழுகையும் கோபமுமாக ஏதோ கத்தியது.

மேலே விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. தினமும் இந்த நேரத்துக்குப் போகிற விமானம்தான். இன்று அது யாருடையது என்று தெரியவில்லை.

கரண்டியை உருவினான்.

வாளி தரையோடு பொருந்தி உட்கார்ந்தது. கோடு மறைந்தது.

விமானம் கடந்து போகிற வரை அவன் மூச்சு விடவில்லை. மூச்சை இழுத்தபோது அதோடு திரி கருகிய வாசனையும் வந்தது.

“எரியுதுல்லா மாப்ள?”

“எரியுது அத்தை.”



ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும்போல இருந்தது. போனைத் தொட்டால் வெளிச்சம் வரும். தொடவில்லை. சட்டைப் பைக்குள் அதை இறுகப் பிடித்தபடி இருட்டில் நின்றான்.

ஒருவழியாகச் சைரன் ஒரே சுரமாக நீண்டு ஓய்ந்தது. கட்டடம் கட்டடமாக விளக்குகள் வந்தன. கீழே யாரோ கை தட்டினார்கள். வேல்ராஜ் சத்தமாகச் சிரித்தார்.

ராஜபாண்டி சுவிட்சைத் தட்டிவிட்டு ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினான். லைன் பிஸி. மறுபடி அழுத்தினான். பிஸி.

பேராச்சி வாளியைத் தூக்கினாள். கருகிய திரி எண்ணெயில் சாய்ந்து கிடந்தது.

“அத்தை, நான்தான்...”

அவள் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள்.

பத்து நாளாக அணையாத விளக்கு. அதற்குத் தீப்பெட்டி எதற்கு என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது.

“நீங்க போனை அடிச்சுக்கிட்டே இருங்க,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “மூணாம் நாளு நான் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா இது அணைஞ்சுதான் கெடந்துது. அதுக்கப்புறமும் ஏழு நாளாப் புள்ள உசுரோட இருக்குல்லா?”