ஊருணிக்கு முதல் பூ

எழுந்துவிட்டாள்.

எழுந்த பிறகுதான் பந்தலில் எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது.

மைக் ஊராட்சித் தலைவர் கையில் இருந்தது. அரசாங்கத்தின் ஊக்கத் திட்டப் பணத்தில் மேற்குப் பொட்டலில் ஊருணி வெட்டியாயிற்று, பணி நிறைவு என்று அப்போதுதான் கிராம சபைக்கு வாசித்துச் சொன்னார். தணிக்கைக்கு வந்த அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

போன கூட்டத்தில் கேள்வி கேட்டவளுக்கு இன்றுவரை நூறு நாள் வேலை இல்லை. இவளுக்கும் அந்த வேலை போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

இவள் கேள்வி கேட்கவில்லை.

"புது ஊருணிக்கு மஞ்சளும் பூவும் விடாம இருந்தா ஊருக்கு ஆகுமா தலைவரே? ஆடி முடியிறதுக்குள்ள எல்லாரும் ஒரு எட்டுப் போய் விட்டுட்டு வந்துருவோம்."

ஆத்தாடி! நானா பேசினேன்?

தலைவர் சிரித்தார். அப்புறம் பார்க்கலாம் என்று கையமர்த்தினார்.

அவள் முந்தானைக்குள் வைத்திருந்த மஞ்சள், பூத் தட்டை எடுத்துக்கொண்டு பொட்டலைப் பார்த்து நடந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தால் தைரியம் போய்விடும். பார்க்கவில்லை.

பின்னால் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது.

பிறகு நிறைய.

யாரோ குலவையிட்டார்கள். திரும்பிவிட்டாள்.

யப்பா! ஊரே வந்துகொண்டிருந்தது. பந்தலில் நாற்காலிகள் மட்டும் மிச்சம். வேறு வழியில்லாமல் தலைவரும் அதிகாரியும் வந்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுகையாக வந்தது.

பொட்டலில் நீலப் பலகை ஒன்று நின்றது. அதில் ஊருணியின் நீளம், அகலம், ஆழம், செலவு எல்லாம் இருந்தன. ஒரு வெள்ளாடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மற்றபடி கருவேலமும் கட்டாந்தரையும்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோரும் சேர்ந்து நின்று பார்த்தது இன்றைக்குத்தான்.

ஊருணிக்குள் செருப்போடு இறங்குகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. குடிக்கிற தண்ணீர்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

பக்கத்தில் நின்றவள் கழற்றினாள். பிறகு ஒவ்வொருவராக. இல்லாத கரையில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

தலைவரின் மனைவி மீனாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முதலில் செருப்பைக் கழற்றியவளின் கையிலிருந்த தட்டை வாங்கினாள். நேராகப் புருஷனிடம் போய் நீட்டினாள்.

"நீங்க வெட்டுன ஊருணி. மொதப் பூவ நீங்களே விடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் தேடினார்.

அதிகாரி பேனாவை மூடிப் பையில் வைத்தார். குனிந்து, ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினார்.