மூன்று கால் கறுப்பன்

"என் கறுப்பனுக்கு மூன்று கால்தான்!" என்று ஃபிரெஞ்சு மொழியில் தழுதழுத்தான் ஜீவன். கடலோர ஊரான காப்பாரில் லோரி மோதிக் கால் போன அந்த நாயை நினைத்ததும், அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"சூப்பர்லா! உள்ளேயும் இப்படியே அழு," என்று தட்டிக்கொடுத்தான், போன வருஷமே படிப்பை முடித்துவிட்ட சீனியர் லோகன்.

ஜீவனுக்கு நாயும் கிடையாது, காப்பாரில் வீடும் கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளர்ந்தவன். நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடுகிறவன். இந்த 'என் குடும்பம்' பேச்சு, ஃபிரெஞ்சு வாய்மொழித் தேர்வுக்கென்று சீனியர்கள் ஜூனியர்களுக்கு வழிவழியாக விட்டுப்போகும் சொத்து.

"முதல் பேட்ச்ல யாரோ ஒரு அக்கா இதச் சொல்லித்தான் ஃபுல் மார்க் வாங்குச்சாம். அப்புறம் நம்ம பசங்க ஒருத்தன்கூட ஃபெயில் ஆனதில்ல."

"இந்த செமஸ்டர் லெக்சரர் புதுசாச்சே அண்ணே?"

"அதான் நல்லது! பாரிஸ்லேருந்து இப்பதான் வந்திருக்காங்க. கறுப்பனப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

சோம்பேறித்தனத்தால் கடைசி செமஸ்டர் வரை தள்ளிப்போட்ட பாடம் இது. இன்று கோட்டை விட்டால் பட்டம் கிடையாது. அம்மாவோ பட்டமளிப்பு விழாவுக்குக் கிள்ளானில் பட்டுப்புடவை எடுத்து, பிளவுசும் தைத்துவிட்டாள்.

மேடம் புஷ்பவல்லியின் அறைக்குள் பயந்துகொண்டே நுழைந்தான். வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை பேசாத, ஒரு சிரிப்புக்கூடச் சிந்தாத மேடம். ஆனால் மேசைமேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கறுப்பு நாய் சுகமாகப் படுத்திருந்தது.

அட, நாய்ப் பிரியர்! ஜீவனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

மீன் பிடிக்கும் அப்பா, வலை பின்னும் அம்மா, இறால் தலை என்றால் உயிரை விடும் கறுப்பன் என்று கடகடவென ஒப்பித்தான். அவனுடைய சொந்த அப்பா காப்புறுதி ஏஜென்ட். மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார்.

மேடத்தின் பேனா நின்றுபோனது. கண்கள் கலங்கின. ஜீவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்போது எப்படி இருக்கிறது உன் நாய்?" என்று ஃபிரெஞ்சில் கேட்டார்.

இது மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. முதல் வகுப்பில் படித்த ஒரே பதிலை ஜீவன் எடுத்துவிட்டான்: "மிக்க நலம் மேடம், நன்றி!"

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதன்முறையாகத் தமிழில் வாய் திறந்தார்.

"கறுப்பன் செத்து பத்து வருஷமாச்சு தம்பி. என் கையாலதான் பொதைச்சேன்."