மூன்று வேலை, ஒரே வரி

“இன்னைக்கே அவளை முடிச்சிடு. ஒரு தடயம் இருக்கக் கூடாது,” என்றார் அப்பா.

“ஒரு நிமிஷ வேலைப்பா.” பெரியவன் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அம்மா கதவோரம் நின்றாள். அவள் வலது கை மூடியே இருந்தது.

போன வருஷம் சின்னவனை ஆற்றில் குளிக்கக் கூட்டிப்போனவள் அவனுடைய அக்கா. திரும்பி வந்தது அவள் மட்டும். வீட்டை விட்டு அவளை அனுப்பியாயிற்று; இப்போது படங்களிலிருந்தும்.

“ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கற படம்?”

“நீங்க சொன்ன அன்னைக்கே ரெண்டா வெட்டிட்டேன். சின்னவன் பாதி அவன் ஃபோல்டர்ல, இவ பாதி இவ ஃபோல்டர்ல.”

எல்லாருடைய ஃபோல்டர்களும் இருக்கும் குடும்பப் படங்கள் ஃபோல்டரைத் திறந்து, அங்கிருந்தபடியே ஸ்கிரிப்டில் மூன்று கட்டளைகளை ஒரே வரியில் கோத்தான். அவள் ஃபோல்டருக்குள் போ. அங்கே இருப்பதையெல்லாம் அழி. படங்களின் நகல் வைத்திருக்கும் டிஸ்கையும் இதேபோல் ஆக்கு. நடுவில் வெறும் அரைப்புள்ளிகள்; ஒன்று நடக்காவிட்டாலும் அடுத்தது ஓடும்.

“ஆபீஸ்னா முதல் வேலை ஆச்சான்னு பார்த்துட்டுத்தான் அடுத்ததை ஓட விடுவேன். நம்ம வீட்டுக்கு எதுக்கு அந்தப் பந்தா?”

“திரும்ப எடுக்க முடியாதுல்ல?”

“எங்க மேனேஜரோட தாத்தா வந்தாலும் முடியாது.” சிரித்தபடி என்டரைத் தட்டினான். ஏதோ ஒரு வரி மின்னி மேலே ஓடியது.

“ஒழிஞ்சா. சின்னவன் வீடியோவைப் போடு.” அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். தினமும் காலையில் அதைப் பார்க்காமல் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது.

வீடியோ இல்லை. சின்னவன் ஃபோல்டரே இல்லை. யாருடையதும் இல்லை. டிஸ்கும் காலி.

பெரியவன் மேலே ஓடிப்போன வரியைத் தேடிப் படித்தான். “அவ ஃபோல்டர் அங்க இல்லவே இல்லைப்பா. உள்ள போக முடியாம, நின்ன இடத்துல இருந்ததை எல்லாம் அழிச்சிருக்கு. யாரு எடுத்தது?”

அம்மா கையை விரித்தாள். உள்ளே பென் டிரைவ். “அவளாவது இருக்கட்டும்னு நேத்து இதுக்கு மாத்திட்டேன்டா.”

அப்பா அதைப் பிடுங்கிப் பெரியவனிடம் கொடுத்துச் செருகச் சொன்னார். திரையில் மகள் சிரித்தாள். அவள் தோளில் ஒரு சின்னக் கை, மணிக்கட்டு வரை.

“மிச்சம் எங்கடா? சின்னவன் மிச்சம் எங்க?”

“நீங்கதானேப்பா வெட்டச் சொன்னீங்க.”