மாவீரரின் தலைக்கவசம்

போலந்து தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி: மாவீரர் வின்சென்டி, வாரநாட்களில் பல் டாக்டர், க்ருன்வால்ட் திடலோரக் கடையில் தலைக்கவசம் தேர்ந்தெடுக்கிறார். அறுநூறு வருடம் முன்பு ஜெயித்த போரை நாளை இங்கே இன்னொரு முறை நடித்து ஜெயிக்க வேண்டும். வரிசையாகத் தொங்கும் இரும்புத் தலைகளில் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. பக்கத்தில் தொத்திறைச்சி வாட்டும் புகை. "முதல்ல பஞ்சுக் குல்லாயைப் போடுங்க பிரபுவே! வெறுந்தலைக்கு அளவு பாத்தா அப்புறம் தலை உள்ளயே போகாது." கேலியாகச் சொல்லிக்கொண்டே நண்பன் போகுஸ் குல்லாய்மேல் கவசத்தை இறக்கி, தாடை வாரை மாட்டி, முகமூடியைச் சாத்துகிறான். உலகம் ஒரு கீற்றாகச் சுருங்குகிறது. பின்மண்டையில் விரல் முட்டியால் தட்டுகிறான். உள்ளே கோயில் மணிபோல் அதிர்கிறது. "போன வருஷம் எனக்கு இங்கதான் அடி விழுந்துச்சு. பின்னாலேருந்து அடிக்கக் கூடாதுன்னுகூடத் தெரியாத எந்தக் கழுதையோ! இடது காது அன்னைக்கே போச்சு. உனக்கு அப்படி ஆகக் கூடாது மாப்ளே." இரும்புக்குள் வின்சென்டியின் மூச்சு அவர் முகத்திலேயே சுடுகிறது. "அது நான்தான் போகுஸ்," என்கிறார். "என்னடா முனகுறே? செவிட்டுக் காதுப் பக்கம் பேசாதே." போகுஸ் மறுபக்கம் வந்து, முகமூடியைத் தூக்கிவிட்டு, நல்ல காதைப் பக்கத்தில் கொண்டுவருகிறான். "வார் கொஞ்சம் இறுக்குதுன்னேன்," என்கிறார் வின்சென்டி. வார் இறுக்கவே இல்லை.