பின்வாசலால் வந்த படம்

"அந்த நியூஸ் சைட்ட மூடீக்கி அம்மா," என்றான் இன்டர்நெட் கடை மஷூர். "கவர்மெண்ட் மூடினது. தொறக்கேலா."

சவுந்தரநாயகத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மஷூர் கெட்டிக்காரன். கதவடியில் வைத்து அவர் காட்டிய கண்சாடையைப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் அவர் மனைவி சிவக்கொழுந்து கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அப்ப கீழ்வீட்டு அன்னபாக்கியம் நேற்று இதிலை இருந்துதானே பாத்தவ? அவவுக்கு மட்டும் ஆர் திறந்துவிட்டது?"

பக்கத்துக் கொம்பியூட்டர்ப் பெட்டியில் இருந்த பெடியன்கள் சிரித்தார்கள். மஷூர் தலையைச் சொறிந்தான்.

வெள்ளவத்தையில் அது ஊரறிந்த இரகசியம். அரசாங்கம் முன்கதவைப் பூட்டினால், மஷூர் பின்வாசலால் கூட்டிக்கொண்டு போவான். வேறு ஏதோ நாட்டைச் சுற்றிப் போகிற வழி. படம் வந்து சேர மாட்டுவண்டி வேகம்தான்.

மஷூர் கிழவரைப் பார்த்தான். கிழவர் நிலத்தைப் பார்த்தார். மஷூர் தட்டத் தொடங்கினான்.

"பூட்டினவனுக்குப் பின்வாசல் தெரியாதெண்டோ நினைக்கிறாய்?" என்றார் சவுந்தரநாயகம். "நாளைக்குப் பொலிஸ் வந்து, உன்ரை மகன் லண்டனிலை என்ன செய்யிறான் எண்டு கேட்டால்?"

"படம் பிடிக்க நிண்டவன் எண்டு சொல்லுறன். நீங்கள் வீட்டை போங்கோவன். வரவேண்டாம் எண்டுதானே சொன்னனான். இஞ்சை வெக்கை. உங்கடை நெஞ்சுக்குக் கூடாது."

காலையிலிருந்து இதே பல்லவி. நீங்கள் வரவேண்டாம், நான் தனியப் போறன், நெஞ்சுக் குளிசை போட்டனீங்களோ. பிடிவாதக்காரியோடு குடும்பம் நடத்தி அவருக்குப் பழக்கம்தான்.

முந்தியெல்லாம் ஊர்வலம் போனவன் அங்கேயே அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். இப்போது ஊர்வலம் லண்டனில் போகிறது, படம் மஷூரின் பெட்டிக்குள் வருகிறது. அடி எந்த ஊரில் விழும் என்று எவனுக்குத் தெரியும்?

ஆனால் அவருடைய பயம் அதுவல்ல.

பெரியவன் யோகநாதன் அங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் போரை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு சனமாக நிற்கிறான். கலியாணத்துக்குக்கூடக் கண்ணால் காணக் கிடைக்காத அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் இவள் வந்திருக்கிறாள். அவன் தலைக்கு மேலே எதைத் தூக்கிப் பிடித்திருக்கிறான் என்று இவளுக்குத் தெரியாது.

தம்பியின் படத்தை.

வன்னிக்கு லொறி ஓட்டப் போன சின்னவன் தயாபரன். பாதையும் பூட்டி, போனும் செத்துப்போய், மாசி மாதம் ஷெல் விழுந்து அவன் முடிந்த செய்தி லண்டனைச் சுற்றித்தான் வெள்ளவத்தைக்கு வந்தது. அம்மாவுக்கு மூச்சு விடாதே என்று பெரியவனிடம் சத்தியம் வாங்கியது அவர்தான். மகன் இன்னும் வரவில்லை என்றே அவள் இருக்கட்டும். வரமாட்டான் என்று இருக்க வேண்டாம்.

பிறகு பெரியவன் படம் கேட்டான்.

சுவரில் தொங்கிய படத்தை அந்த மாசியிலேயே சிவக்கொழுந்து சட்டத்தைக் கழற்றி எடுத்து, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். "செக்கிங்குக்கு வாறவங்கள் இந்தப் பெடியன் எங்கை எண்டு கேப்பாங்கள்" என்றாள். இவளுக்கும் புத்தி இருக்கிறதே என்று அவர் நினைத்தார். அவள் கோயிலுக்குப் போன நேரம் அதை எடுத்து, பேப்பரில் சுற்றி, இதே மஷூரிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணி லண்டனுக்கு அனுப்பிவிட்டு, இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். ஒருதரமும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. ஏலவில்லை.

இப்போது பெட்டி முனகியது.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வானம். அழுக்குச் சாம்பல் நிறம். பிறகு ஒரு மணிக்கூட்டுக் கோபுரம்.

பெட்டியின் கரண்ட் வயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை அவர் வந்தவுடனேயே பார்த்து வைத்திருந்தார். சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.

தூக்கிப் பிடித்த பலகையின் மேல்விளிம்பு வந்தது. பிறகு தலைமயிர். சின்னவன் எண்ணெய் வைத்து ஒரு பக்கமாக இழுத்த தலை.

அவர் குனிந்து வயரைப் பிடித்தார்.

அதற்குள் சிவக்கொழுந்தின் உள்ளங்கை திரையில் விழுந்து அதை மூடிவிட்டது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. பதறிப்போய் அவரைப் பார்த்தாள். சிறுபிள்ளை எதையோ காணக்கூடாது என்று மறைக்கிற தாயைப்போல.

அவள் விரல்களுக்கு இடையால் சின்னவனின் நெற்றி தெரிந்தது. புருவங்களுக்கு நடுவே ஒரு சந்தனப் பொட்டு. ஸ்டூடியோவில் அவன் வெறும் நெற்றியோடுதான் இருந்தான். இது படத்தின்மேல் விரலால் வைத்த பொட்டு, செத்தவர்களின் படத்துக்கு வைக்கிற பொட்டு. காய்ந்து, ஓரம் உதிர்ந்து, லண்டன் போய் அந்தப் பெரிய பலகையில் தேங்காய்ப்பாதி அளவுக்குப் பெருத்திருந்தது.

அவர் பார்க்கிற இடத்தை அவளும் திரும்பிப் பார்த்தாள். தன் விரல் வைத்த பொட்டை அவளுக்குத் தெரியாதா? அது யார் கையால் அலுமாரியை விட்டுப் போயிருக்கும் என்பதும் தெரியாதா?

கை திரையிலிருந்து மெல்ல வழுகி இறங்கியது.

அவர் கையில் வயர் இருந்தது. இழுக்கவில்லை. படம் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவனின் முகத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்டாள்.